அடுப்படிக்கு ஆறு லைன்

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் இரண்டாம் மாடியில், ஓவர்லாக் மெஷினுக்கு முன்னால் ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தவள் மைதிலி. டி-சர்ட்டுக்குத் தோள் மூட்டுவது அவள் வேலை. அந்த மாடியில் தினமும் மூன்று மணி வாக்கில் கரண்ட் போய்விடும். மற்ற மாடிகளில் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். இவர்கள் வரிசை மட்டும் அடங்கிப்போகும். கம்பெனி எலக்ட்ரீஷியன் பெரியகருப்பனுக்கு ஐந்து கட்டடங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் வந்து, கீழே விழுந்த பிரேக்கர் சுவிட்சைத் தூக்கிவிட அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை பெண்கள் வெட்டிய துணியால் விசிறிக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள்.

ஊர்க்கதை மைதிலிக்கும் பிடிக்கும்தான். ஆனால் அவள் பார்வை சுவரில் இருந்த அந்தச் சாம்பல் நிறப் பெட்டிக்கே போய்க்கொண்டிருந்தது. பத்து நாள் கவனித்தாள். இரண்டு அயர்ன் டேபிளும் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனும் சேர்ந்து ஓடும்போதுதான் பிரேக்கர் விழுகிறது. ஒன்றை நிறுத்தினால் விழுவதில்லை. சூப்பர்வைசரிடம் சொன்னாள், அவர் சிரித்தார். பெரியகருப்பன் வந்தபோது அவரிடமே நேராகச் சொல்லிவிட்டாள். அவர் பெட்டியைத் திறந்து பார்த்து, அயர்ன் டேபிளை வேறு லைனுக்கு மாற்றினார். அதற்கப்புறம் மூன்று மணிக் கரண்ட் போகவே இல்லை.

"மூணு மாசமா மண்டையப் பிச்சிக்கிட்டுக் கெடக்கேன். மெஷின்ல உக்காந்து தைக்கிற பொம்பளப் பிள்ளை கண்டுபிடிச்சிருச்சே!" என்று விருதுநகர்ப் பேச்சில் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார் அவர்.

பத்தாவது படித்தபின் மைதிலியை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் அவள் கால் தரையில் பாவவில்லை.

ஐ.டி.ஐ.யில் பெண்களுக்கு வயது வரம்பு கிடையாது என்று யாரோ சொல்லக் கேட்டு, இருபத்தொன்பதாவது வயதில் ஒயர்மேன் பிரிவில் சேர்ந்தாள். வகுப்பில் எல்லாரும் மீசை அரும்புகிற பையன்கள். இவள் ஒருத்திதான் தாலியும் டிபன் பாக்ஸுமாகப் போனாள். புருஷன் சுரேஷ் துணி ஃபினிஷிங் செய்கிற கம்பெனியில் காம்பாக்டிங் மெஷின் ஓட்டுகிறவன். "ரெண்டு வருசந்தானே, போச்சாது, படி புள்ளே" என்று சொல்லிவிட்டு, ஷிப்டை மாற்றிக்கொண்டு காலைச் சமையலை அவன் எடுத்துக்கொண்டான். அவன் வைக்கிற ரசத்தில் புளி தூக்கலாக இருக்கும். ரசத்தைக் குறை சொல்லாமல் இரண்டு வருஷம் குடித்தாள் மைதிலி. படிப்பு முடிந்ததும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. அப்புறம் லைசென்ஸ். அதற்கப்புறம் ஒரு பழைய ஸ்கூட்டி, ஒரு டூல் பை, சொந்த வேலை.

வீட்டு வேலைக்குப் பெண் எலக்ட்ரீஷியன் என்றால் பெண்களுக்குப் பிடித்திருந்தது. பகலில் தனியாக இருக்கிற வீடுகளில் தயக்கமில்லாமல் கூப்பிட்டார்கள். ஃபேன் மாட்டுவது, சுவிட்ச் மாற்றுவது, கெய்சர் பார்ப்பது. ஆனால் ஒரு முழு சமையலறையை முதலிலிருந்து யாரும் அவளை நம்பிக் கொடுத்ததில்லை. அந்த வேலை வந்தபோது அவளுக்கு முப்பத்தாறு வயது.

போனில் கூப்பிட்டவள் வர்ஷினி. கல்யாணத்துக்கு முன் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக இருந்தவள். இப்போது வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கத் தொடங்கியிருந்தாள்.

"அக்கா, ஓவன்ல கேக் வச்சா கரண்ட் போயிடுதுங்க. பாதி வெந்த கேக்கா எடுத்து எடுத்துக் கொட்டறேன். போன மாசம் ஒருத்தர் வந்து பிரேக்கர் மாத்திட்டுப் போனாருங்க. இப்ப கரண்ட் போறதில்ல. ஆனா ஒரு மாதிரி நாத்தம் வருது. பிளாஸ்டிக் கருகற மாதிரி."

மைதிலிக்குச் சுருக்கென்றது. "ஓவனை அணைச்சு வைங்க. கெட்டில், இண்டக்‌ஷன் எதுவும் போடாதீங்க. நான் வந்துட்டே இருக்கறனுங்க."

முகவரியைப் பார்த்த பிறகுதான் அது எந்த வீடு என்று தெரிந்தது. கந்தப்பக் கவுண்டர் வீடு. கவுண்டர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. மகன் தரணீதரன், வர்ஷினியின் புருஷன், நிட்டிங் கம்பெனி நடத்துகிறார். அந்தக் கம்பெனி நிற்கிற இடம் முன்பு நிலக்கடலைத் தோட்டம். மைதிலியின் அம்மா சென்னம்மாள் அந்தத் தோட்டத்தில் களை எடுத்து, காய் பறித்து, மைதிலியையும் அவள் தம்பியையும் வளர்த்தவள். கூலி நாளில் தோட்ட முதலாளியான பண்ணாடி வீட்டுப் பின்வாசல் வரை போவாள். அதற்கு மேல் போனதில்லை. போகச் சொன்னதும் இல்லை.

ஸ்கூட்டியை வீட்டு வாசலில் நிறுத்தும்போது மைதிலிக்கு ஒரு நிமிஷம் எந்தப் பக்கமாகப் போவது என்று தெரியவில்லை. வர்ஷினி முன்கதவைத் திறந்து நின்றாள். மைதிலி முன்பக்கமாகவே உள்ளே போனாள்.

ஹாலில் வர்ஷினியின் மாமியார் முத்தாத்தாள் உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. கவுண்டர் போனபிறகும் வெள்ளைச் சேலைக்கு மாறாமல் நல்ல ஊதாச் சேலைதான் கட்டியிருந்தார். மைதிலியின் டூல் பையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எலக்ட்ரீசியன்னு சொன்னே?"

"இவங்கதான் அத்தை."

"எந்த ஊரும்மா நீ? யாரு ஊட்டுப் பொண்ணு?"

இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று மைதிலிக்குத் தெரியும். இங்கே வளர்ந்த யாருக்கும் தெரியும். வேலம்பாளையம் என்று மட்டும் சொல்லிவிட்டு நழுவிவிடலாம். இதற்கு முன் சில வீடுகளில் அப்படிச் செய்திருக்கிறாள். இந்த வீட்டில் அப்படிச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை.

"சென்னம்மா மகளுங்க. உங்க கெணத்துத் தோட்டத்துல கடலைக்காய் பறிச்சாங்களே, அவங்க மகள்."

முத்தாத்தாளின் விரல்கள் கொத்தவரங்காயில் அப்படியே நின்றன. வர்ஷினி மாமியாரைப் பார்த்தாள்.

"சென்னி மகளா?" என்றார் முத்தாத்தாள் கடைசியில். கோபமாகச் சொல்லவில்லை. "நல்லாருக்காளா அவ?"

"நல்லாருக்காங்க."

"அப்ப ஹால்ல ஃபேனு ஒண்ணு கடகடங்குது, அதப் பாரு. அடுப்படி வேலைக்குத் தரணி வேற ஆளைக் கூட்டிட்டு வருவான்."

வர்ஷினியின் முகம் சிவந்துவிட்டது. மைதிலிக்கும் காது சூடானது. ஆனால் போனில் கேட்ட கருகல் நாற்றம்தான் அவள் மனதில் முன்னால் நின்றது. பை தோளிலேயே இருக்க, ஹால் ஓரமாக இருந்த மெயின் பெட்டியைத் திறந்தாள். வரிசையாகப் பிரேக்கர்கள். மேலே பால்பாயிண்ட் பேனாவில் 'கிச்சன்' என்று எழுதியிருந்த ஒன்றில் முப்பத்திரண்டு ஆம்பியர் என்று போட்டிருந்தது. அதிலிருந்து போகிற ஒயரை விரலால் தொட்டு உருட்டிப் பார்த்தாள். ஒன்றரை ஸ்கொயர் கனம்தான். லைட்டுக்கும் ஃபேனுக்கும் இழுக்கிற ஒயர்.

"அம்மா, நீங்க சித்த இங்க வாங்க. இந்தப் பெட்டிக்கிட்ட."

முத்தாத்தாள் எழுந்து வந்தார்.

"புறங்கையை இது மேல வைங்க. பயப்படாதீங்க, இது பிளாஸ்டிக்."

முத்தாத்தாள் வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார். "கொதிக்குது!"

"பத்து நிமிசத்துக்கு முன்னாடி, நான் போன்ல அணைக்கச் சொல்ற வரைக்கும் ஓவன் ஓடிட்டிருந்துச்சுங்க. பெட்டியிலயே இவ்வளவு சூடுன்னா சுவத்துக்குள்ள ஒயர் எப்படி இருக்கும்னு பாருங்க. ஓவன் மட்டும் பதிமூணு ஆம்பியர் இழுக்கும். இண்டக்‌ஷன் ஒன்பது. கெட்டில் ஆறரை. மூணும் சேர்ந்தா இருபத்தெட்டு, இருபத்தொன்பது. இந்த ஒயரு பன்னெண்டு, பதிமூணுக்கு மேல தாங்காது. முன்னாடி இருந்த சின்ன பிரேக்கர் அதுக்காகத்தான் விழுந்துட்டே இருந்துச்சு. வந்தவரு ஒயரை மாத்தாம பிரேக்கரை மட்டும் பெருசாக்கிட்டாரு. இப்ப ஒயரு கருகுனாக்கூட இது விழாது."

முத்தாத்தாள் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"அடுப்படிக்குள்ள போகாம அடுப்படிக்கு ஒயர் இழுக்க முடியாதுங்க. வேற ஆளைக் கூட்டிட்டு வர்றதுன்னா கூட்டிட்டு வாங்க, எனக்கு வருத்தமில்ல. ஆனா அதுவரைக்கும் இதை அணைச்சுத்தான் வச்சிட்டுப் போவேன்."

சொல்லிவிட்டு அவள் பிரேக்கரைக் கீழே தள்ளினாள். சமையலறையில் ஃபிரிட்ஜ் சத்தம் நின்றது.

முத்தாத்தாள் அந்தப் பெட்டியைப் பார்த்தார். பிறகு தன் புறங்கையைத் தடவிக்கொண்டார். "வர்ஷினி, அந்த மேடைமேல இருக்கற சாமானையெல்லாம் எடுத்து வையி" என்றார். "அந்தப் புள்ள பார்க்கணுமில்ல."

மைதிலி பையிலிருந்து ஒரு துணிக் கவரை எடுத்தாள். அதற்குள் கழுவி வைத்த ரப்பர் செருப்பு ஒன்று இருந்தது. வீட்டுக்குள் வேலை பார்க்க மட்டும் வைத்திருப்பது, தெருவில் மிதிக்காதது. அதைப் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

கெட்டில் மாட்டுகிற பிளக் பாயிண்டைக் கழற்றியபோது பின்பக்கம் அட்டைக்கரியாக இருந்தது. ஒயரின் மேல்தோல் தொட்டதும் முறுக்குப்போல நொறுங்கியது. அதை வர்ஷினியின் உள்ளங்கையில் வைத்தாள். வர்ஷினி அதைக் கொண்டுபோய் மாமியாரிடம் காட்டினாள். அன்று வேறு யாரும் அந்த வேலைக்கு வருவதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

மறுநாள் காலை வர்ஷினியும் மைதிலியும் சாப்பாட்டு மேஜையில் ஒரு கேக் அட்டையைத் திருப்பிப் போட்டு, சமையலறையில் இருக்கிற ஒவ்வொரு சாமானையும் எழுதினார்கள். ஓவனுக்கு மூவாயிரம் வாட்ஸ். இண்டக்‌ஷன் இரண்டாயிரம். பாத்திரம் கழுவுகிற மெஷின் இரண்டாயிரம். மிக்ஸி எழுநூற்றைம்பது. கெட்டில் ஆயிரத்தைந்நூறு. ஃபிரிட்ஜ், தண்ணீர் ஃபில்டர், சிம்னி. முத்தாத்தாளின் கிரைண்டர், இருபத்திரண்டு வருஷத்துக் கிரைண்டர், நூற்றைம்பது வாட்ஸ்.

"எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே நல்ல தடி ஒயரா, பெரிய பிரேக்கரா போட்டுட்டா ஆகாதுங்களா அக்கா?" என்று கேட்டாள் வர்ஷினி.

"போடலாம். ஆனா மிக்ஸி ஒயரு உள்ள உருகினா அந்தப் பெரிய பிரேக்கருக்குத் தெரியவே தெரியாது. மிக்ஸிக்கு நெருப்புப் பிடிச்ச பொறவுதான் விழும். அப்புறம், கெட்டில் கெட்டுப்போய் லைன் விழுந்துச்சுன்னா ஃபிரிட்ஜும் சேர்ந்து நின்னுடும். நீங்க ஊருக்குப் போயிருக்கும்போது அப்படி ஆச்சுன்னா, உங்க க்ரீம் பூரா தண்ணியாயிடும்."

க்ரீம் என்றதும் வர்ஷினிக்குப் புரிந்துவிட்டது.

அட்டையில் ஆறு கோடு போட்டார்கள். ஓவனுக்குத் தனி லைன், நாலு ஸ்கொயர் ஒயர், இருபது ஆம்பியர் பிரேக்கர். இண்டக்‌ஷனுக்கு ஒன்று, பாத்திரம் கழுவுகிற மெஷினுக்கு ஒன்று. இரண்டுக்கும் இரண்டரை ஸ்கொயர், பதினாறு ஆம்பியர். மிக்ஸி, கிரைண்டர், கெட்டில் மூன்றும் சேர்ந்து இழுத்தாலும் பத்தரைக்கு மேல் போகாது. அவற்றுக்கு ஒரே லைன், அதுவும் பதினாறு. ஃபிரிட்ஜும் ஃபில்டரும் பத்து ஆம்பியரில் தனியாக. லைட்டும் சிம்னியும் ஆறு ஆம்பியரில். வீட்டுக்கு வருவது த்ரீ ஃபேஸ் என்பதால் ஆறையும் மூன்று ஃபேஸுக்கும் பங்கு பிரித்துவிட்டாள். ஆறுக்கும் மேலே, கரண்ட் எங்காவது கசிந்தால் கண்மூடித் திறப்பதற்குள் அணைத்துவிடுகிற ஆர்.சி.சி.பி. ஒன்று. "மத்த பிரேக்கரெல்லாம் ஒயரைக் காப்பாத்த. இது ஒண்ணுதான் நம்மளைக் காப்பாத்த" என்று வர்ஷினியிடம் சொன்னாள். வீட்டுக்கு வாங்கியிருக்கிற லோடு போதாது, மின்வாரியத்தில் கூட்டிக் கேட்க வேண்டும் என்று தரணீதரனுக்கு வர்ஷினி போன் செய்தாள். அவர் கம்பெனியிலிருந்து, "அந்தக்கா என்ன சொல்றாங்களோ அப்படியே பண்ணீருங்க" என்றார்.

கடையில் சாமான் வாங்கப் போனபோது, கடைக்காரர் சண்முகவேல் அட்டையைப் பார்த்துவிட்டு, "சமையக்கட்டுக்கா இத்தனை? கம்பெனிக்குங்களா?" என்று கேட்டார். "சமையக்கட்டுக்குத்தாங்க" என்றாள் மைதிலி. "இப்பெல்லாம் அதுவும் கம்பெனிதான்."

ஞாயிற்றுக்கிழமை சுரேஷும் வந்தான். அலமாரிகளுக்குப் பின்னால் ஒயரை மூடும் பிளாஸ்டிக் பட்டி அடித்து ஒயர் இழுப்பதில் அவன் கை நீளம் உதவியாக இருந்தது. எர்த்தும் சரியில்லை. தோட்டத்து ஓரத்தில் இருந்த எர்த் குழி பல வருஷமாகத் தண்ணீர் காணாமல் காய்ந்து கிடந்தது, புதுக்குழி தோண்டினார்கள். முத்தாத்தாள் அன்று மத்தியானம் இருவருக்கும் ஹாலில் இலை போட்டார். பேச்சு அதிகமில்லை. குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றட்டுமா என்று மட்டும் கேட்டார்.

கடைசியாகக் கிரைண்டர். அதன் பழைய ஒயர் வெடித்திருந்தது. முனையில் இரண்டு கால் பிளக். மைதிலி அதை எடுத்துவிட்டு எர்த்தோடு சேர்ந்த புது ஒயரும் மூன்று கால் பிளக்கும் போட்டாள். அன்று வேலை முடிந்து போகிற அவசரம். மோட்டாரைச் சோதிக்காமலே மூடிவிட்டாள். அது தன் தப்பு என்று பின்னால் அவளே சொல்லிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வர்ஷினியிடமிருந்து போன். "அக்கா, அத்தை கிரைண்டர் போட்டதும் மொத்தக் கிச்சனும் ஆஃப் ஆயிடுச்சுங்க. மூணு தடவை ஆயிடுச்சு."

மைதிலி போனபோது முத்தாத்தாள் ஊறிய உளுந்துப் பாத்திரத்தோடு சமையலறை நடுவில் நின்றிருந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"இருவத்திரண்டு வருசமா ஒரு நாள் மக்கர் பண்ணாத கிரைண்டர். நீ கை வச்ச மறுநாள் இப்படி ஆகுது. என்ன பண்ணி வச்சே அதை?"

"பார்க்கறனுங்க."

"பார்க்கறதென்ன? நல்லா இருந்ததைக் கெடுத்துட்டு! இதுக்குத்தான் நான் மொதல்லயே..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்காவிட்டாலும் மைதிலிக்குக் கேட்டுவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாமா என்று தோன்றியது. வர்ஷினி அவசரமாக இடையில் வந்தாள்.

"அக்கா, அந்தக் கிரைண்டர் லைனை மட்டும் ஆர்.சி.சி.பி.யிலிருந்து வெளிய எடுத்துட முடியுமா? அத்தைக்குக் கிரைண்டர் ஓடினாப் போதும்."

முடியும். ஐந்து நிமிஷ வேலை. முத்தாத்தாளுக்கும் சமாதானமாகிவிடும். ஆனால் அந்தப் பிரேக்கர் சும்மா விழாது. மைதிலி கிரைண்டரைப் பார்த்தாள். அதன் அடியில், வழவழவென்று தேய்ந்து ஒரு மரப்பலகை கிடந்தது. இரண்டு பாதத்தின் தடம் அதில் பதிந்திருந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். மாவு வழிக்கறப்போ கையில ஜிவ்வுன்னு இழுக்குமா?"

முத்தாத்தாள் உளுந்துப் பாத்திரத்தை மேடைமேல் வைத்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்தார்.

"ஈரக் கையா இருந்தா கொஞ்சம் இருக்கும்" என்றார் மெதுவாக. "அதுக்குத்தான் பலகைமேல நின்னுக்குவேன். பழகிப்போச்சு."

"எத்தனை வருசமா?"

"ஏழெட்டு வருசம் இருக்கும். சொன்னா, பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குன்னு நிப்பானுங்க. இந்தக் கல்லுல அரைச்சாத்தான் இட்லி மெத்துன்னு வரும்."

வர்ஷினி வாயில் கை வைத்துக்கொண்டாள். "அத்தை, எனக்கும் அடிச்சிருக்குது. வந்த புதுசுல ரெண்டு தடவை. நீங்க ஒண்ணுமே சொல்லலியேன்னு நானும் சொல்லல. உங்க கிரைண்டரைக் குத்தம் சொல்ற மாதிரி ஆயிடுமேன்னு..."

"உனக்குமா?" என்று திரும்பினார் முத்தாத்தாள். "ஏங்கண்ணு, சொல்றதுக்கென்ன?"

"நீங்க சொன்னீங்களா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் சிரித்தது முத்தாத்தாள்தான். அந்தச் சிரிப்பு நடுவிலேயே நின்றுபோனது. அவர் மருமகளின் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், அடித்த அடையாளம் இன்னும் இருக்கும் என்பதுபோல.

"மோட்டாருக்குப் போற ஒயர்ல எங்கியோ கரண்ட் கசிஞ்சு கிரைண்டர் உடம்புக்கு வருதுங்க" என்றாள் மைதிலி. "இத்தனை நாளா அது போறதுக்கு வேற வழி இல்ல, உங்க வழியா போகப் பார்த்துச்சு. இப்ப நான் எர்த் குடுத்திருக்கேன், அந்த வழியா போகுது. போன உடனே பிரேக்கர் கண்டுபிடிச்சு அணைச்சுடுது. லைனை வெளிய எடுத்தா கிரைண்டர் ஓடும். அதை மட்டும் என்னைப் பண்ணச் சொல்லாதீங்க. என்னைக்காவது பலகை நனைஞ்சு கிடந்தா..."

அவளும் வாக்கியத்தை முடிக்கவில்லை.

முத்தாத்தாள் பாத்திரத்தை ஓரமாக நகர்த்தி இடம் விட்டார். "கழட்டிப் பாரு கண்ணு" என்றார்.

மைதிலி தரையில் உட்கார்ந்து கிரைண்டரைக் கவிழ்த்தாள். மோட்டாருக்குப் போகிற ஒயர் தகட்டில் இருந்த ஒரு ஓட்டை வழியாக நுழைந்தது. இருபத்திரண்டு வருஷ அதிர்வில் தகட்டின் விளிம்பு ஒயரின் தோலைச் சீவிச் சீவி ஓரிடத்தில் செம்பு மினுங்கியது. அந்த இடத்தில் மாவுத் தண்ணீர் இறங்கிக் காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்து, புது ஒயர் போட்டு, அதன்மேல் உறை ஏற்றி, ஓட்டைக்கு ஒரு ரப்பர் வளையம் மாட்டினாள். இந்தத் தடவை மீட்டர் வைத்து இரண்டு முறை சோதித்தாள். முத்தாத்தாள் பக்கத்திலேயே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, ஸ்க்ரூக்களை ஒரு கிண்ணத்தில் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை, "உங்கம்மா கடலைக்காய் பறிச்சா கொடியில ஒண்ணு மிச்சம் இருக்காது" என்றார். "அந்தக் கை உனக்கு."

மைதிலி கையை நீட்டினாள். "ஸ்க்ரூ ஒண்ணு குடுங்க" என்றாள்.

உளுந்து போட்டார்கள். கல் சுற்றியது. பிரேக்கர் அசையவில்லை. முத்தாத்தாள் வெறுந்தரையில் நின்று, ஈரக் கையால் கிரைண்டரின் பக்கவாட்டைத் தொட்டார். முதலில் ஒரு விரல். பிறகு முழுக்கை. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

அன்று மத்தியானம் மைதிலி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டாள். ஓவனில் வர்ஷினியின் இரண்டு கேக், இண்டக்‌ஷனில் சாம்பார், கெட்டிலில் தண்ணீர், பாத்திர மெஷின், மிக்ஸி. முக்கால் மணி நேரம் மெயின் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு பிரேக்கரையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்புக்கு மேல் எதுவும் போகவில்லை. கேக் இரண்டும் உச்சி வெடிக்காமல், ஒரே நிறமாக எழும்பி வந்தன. வர்ஷினி அவற்றைப் போட்டோ எடுத்த விதத்தைப் பார்த்தால், பெற்ற பிள்ளையை எடுக்கிற மாதிரி இருந்தது.

முத்தாத்தாள் ஒரே ஒரு வேலை பாக்கி என்றார். பெட்டியில் எது எதற்கு என்று தமிழில், தன் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக எழுதித் தர வேண்டும். மைதிலி எழுதி ஒட்டினாள். ஆர்.சி.சி.பி.யில் இருக்கிற சின்ன பட்டனையும் காட்டினாள். "மாசம் ஒரு தடவை இதை அமுக்குங்க. டக்குன்னு விழணும். விழுந்தாத்தான் அது நல்லா இருக்குதுன்னு அர்த்தம். விழலைன்னா எனக்குப் போன் பண்ணுங்க."

"அமாவாசைக்கு அமாவாசை அமுக்கிக்கறேன். மறக்காது" என்றார் முத்தாத்தாள்.

மைதிலி மிச்ச ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது முத்தாத்தாள் ஹாலில் யாருடனோ போன் பேசுவது கேட்டது. சோமனூரில் இருக்கிற நாத்தனார். அவர்கள் புதிதாக வீடு கட்டுகிறார்களாம்.

"உங்கூட்டு அடுப்படி வேலைக்கு ஒரு பொண்ணை அனுப்பறேன். நெம்ப சுத்தமான வேலை. ஆமா, பொண்ணுதான்... இல்ல, நம்ம தரணிக்குத் தெரிஞ்சவ இல்ல. எனக்குத் தெரிஞ்சவ."

மறுமுனையில் என்ன கேட்டார்கள் என்று மைதிலிக்குக் கேட்கவில்லை. ஆனால் யூகிக்க முடிந்தது. ஒயர் சுருட்டுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

"எந்த ஆளுன்னா?" என்றார் முத்தாத்தாள். ஒரு கணம் தயங்கினார். "லைசென்ஸ் வச்சிருக்கற ஆளு. அது போதும் உனக்கு."

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சென்னம்மாள் கேட்ட முதல் கேள்வி, "அடுப்படி வரைக்குமா போனே?"

"அடுப்படி மட்டுந்தாம்மா வேலையே."

"எப்படி இருக்குது உள்ள?"

மைதிலி அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். ஜன்னல் எந்தப் பக்கம், மேடை எவ்வளவு நீளம், மாவு டப்பாக்கள் எங்கே. சென்னம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். "நான் நெனச்சது வேற மாதிரி" என்றாள் கடைசியில். "இவ்வளவு சின்னதுதானா?" சுரேஷ் சிரித்துவிட்டான்.

சோமனூர் வீட்டு வேலை அடுத்த மாதம் தொடங்கியது. இரண்டாவது நாளே தனியாகச் சமாளிக்க முடியாது என்று தெரிந்தது. பனியன் கம்பெனியில் அவளோடு தோள் மூட்டிய இரண்டு பெண்களுக்குப் போன் செய்தாள். ஒருத்தி யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இன்னொருத்தி, "எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டாள்.